என் மோட்டரை எனக்கே விற்றார்கள்

தண்டவாளத்தில் ஓடும் சின்ன விளையாட்டு ரயிலின் பழைய மோட்டரைத் திருத்தக் கொடுப்பவர்கள் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். நான் விட்டுவிட்டு வந்தேன்.

பெரியப்பா 70களில் லண்டனிலிருந்து கொண்டுவந்த கிற் அது, பாகங்களைப் பூட்டிச் செய்யும் ரயில். ஈயக் கலவையில் வார்த்த என்ஜின் உடல், உள்ளே ட்ரை-ஆங் என்ற ஆங்கிலேய விளையாட்டு ரயில் கம்பெனியின் சட்டமும் அவர்களுடைய எக்ஸ்04 மோட்டரும். 12 வோல்ற்றில் ஓடுவது. 95இல் போரால் யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்தபோது அலுமாரிக்கு மேலே விட்டுப் போனோம். திரும்பி வந்தபோது அலுமாரிக்குள் ஒன்றுமில்லை, இது மட்டும் மேலேயே இருந்தது. சென்ற மாதம் மகனுக்கு ஓட்டிக் காட்டலாம் என்று எடுத்தேன். மோட்டர் அசையவில்லை.

நகரில் மின்விசிறி, கிரைண்டர் மோட்டர்களுக்குக் கொயில் சுற்றிக் கொடுக்கும் ஒரு கடையில் கொடுத்தேன். மூன்று நாள் கழித்துப் போனால், "தம்பி, கொயில் எரிஞ்சு போச்சு, எறிஞ்சிட்டன். உம்மடை அதிர்ஷ்டம், இதே மாதிரி ஒண்டு என்னட்டை கிடந்தது" என்றார். பற்றறியைத் தொட்டுக் காட்டினார். விர்ரென்று பறந்தது. சின்ன வயதில்கூட அது அவ்வளவு வேகமாகச் சுற்றி நான் கண்டதில்லை. 8,500 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன், பில் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்தில் எக்ஸ்04 எப்படி வந்தது என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

வீட்டில் பூட்டினேன். என்ஜின் தனியே ஊர்ந்தது. இரண்டு பெட்டியைக் கொழுவியதும் நின்றுவிட்டது. ஐந்து நிமிடத்தில் கை வைக்க முடியாத சூடு, வார்னிஷ் கருகும் மணம். கழற்றித் திருப்பினால், அடியில் பெரியப்பா ஊசியால் கீறிய அவருடைய முதலெழுத்து!

கொயிலில் ஒரு பிழையும் இருந்திருக்கவில்லை. எண்ணெய் பிசினாக இறுகி, சுழலும் கொயிலுக்கு மின்சாரம் கொடுக்கும் கரிப் பிரஷ் ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். அதைத் துடைத்திருக்கிறார். ஆனால் துடைக்கும்போது காந்தத்தையும் வெளியே எடுத்துவிட்டார். இந்த மோட்டர்களில் இருப்பது அல்னிகோ என்ற உலோகக் கலவைக் காந்தம். இரும்புச் சட்டத்திலிருந்து வெறுமனே உருவினால் அதன் பலம் இறங்கிவிடும். காந்தம் பலம் இழந்த மோட்டர், பாரம் இல்லாதபோது முன்பைவிட வேகமாகச் சுற்றும். இழுக்கச் சொன்னால் மின்சாரத்தைக் குடித்துக் கொதிக்கும். கடையில் நான் வாய் பிளந்து பார்த்த வேகம்தான் நோய்.

திரும்பிப் போய்க் கேட்டேன். "சுத்தினதைப் பாத்துத்தானே கொண்டு போனீர்?" எழுத்தைக் காட்டினேன். எல்லா மோட்டரிலும் கீறல் இருக்குமாம்.

இப்போது நியோடிமியம் என்ற பலமான காந்தத் துண்டுகளை இரும்புத் தகட்டோடு பழைய காந்தத்தின் இடத்தில் வைத்து ஒரு மாதிரி ஓட்டுகிறேன். காசு போனது போனதுதான்.

"ஓடும் மோட்டர்" என்று யாராவது விற்றால், பற்றறியில் இரண்டு விநாடி சுற்றுவதை நம்பாதீர்கள். சட்டத்தில் பூட்டி, பெட்டி கொழுவி, பத்து நிமிடம் ஓடவிட்டுத் தொட்டுப் பாருங்கள். பிரஷ்ஷை அழுத்தும் கம்பியின் ஒரு காலில் மின்சாரம் கடத்தாத சின்ன உறை இருக்கிறதா என்றும் பாருங்கள், அது இல்லாவிட்டால் ஷோர்ட் ஆகும். திருத்தக் கொடுப்பதானால், கொடுக்கும் முன் அடியில் ஏதாவது கீறி, ஒரு படமும் எடுத்து வையுங்கள். பெரியப்பா ஏன் கீறினார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.