உப்புக் காற்றில் எட்டு வருட ஷீட் கூரை: செம்புத் தண்ணீர் செய்த வேலை

தூத்துக்குடியில் எங்கள் மொட்டை மாடிக்குக் கால்வலூம் ஷீட் போட்டு எட்டு வருடம் ஆகிறது. இரும்புத் தகட்டின் மேல் 55 சதவீதம் அலுமினியமும், மீதி பெரும்பாலும் துத்தநாகமும் கலந்த பூச்சு. உப்பளக் காற்றுக்கு இது நன்றாகவே தாங்குகிறது, ஒரே ஒரு ஷீட்டைத் தவிர.

மூன்றாம் வருடம் அந்த ஷீட்டில் கை அகலத்துக்குக் கறுத்த கோடு. தேய்த்துப் பார்த்தால் ஊசி ஓட்டைகள். மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கோபப்பட்டேன். ஆனால் பக்கத்து ஷீட்டுகள் பளபளவென்று இருந்தன. நிமிர்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது: நேர் மேலே ஏசியின் செம்புக் குழாய். அதைச் சுற்றிய ஃபோம் வெயிலில் பொடிந்து, குழாய் வியர்த்து, சொட்டுச் சொட்டாக அங்கேயே விழுந்திருக்கிறது.

செம்பு ஷீட்டைத் தொடவே இல்லை, தொடவும் தேவையில்லை. அந்தத் தண்ணீரில் கரைந்து வரும் செம்பு பூச்சின் மேல் படிகிறது. படிந்த ஒவ்வொரு புள்ளியும், சுற்றியுள்ள துத்தநாகமும் அலுமினியமும், ஈரமும் சேர்ந்து ஒரு குட்டி பேட்டரி ஆகிவிடும். கரைவது நம் பூச்சுதான். உப்பு அதை இன்னும் வேகமாக்கும். ஷீட்டிலிருந்து வழியும் தண்ணீர் செம்பின் மேல் விழுந்தால் பாதகமில்லை. மேலே செம்பு, கீழே ஷீட் என்பதுதான் கூடாது.

அந்த ஷீட்டை மாற்றினோம். குழாய்க்குப் புது ஃபோம், அதன் மேல் வெயில் தாங்கும் டேப். அப்புறம், கீழே பிவிசி குழாயைப் பிளந்து வைத்துச் சொட்டுகிற தண்ணீரை ஓரமாக இறக்கிவிட்டோம். ஐந்து வருடமாகப் புது ஷீட்டில் ஒரு கோடுகூட இல்லை.

ஸ்க்ரூ விஷயத்தில் ஃபிட்டர் "சார், ஸ்டெயின்லெஸ் போட்டுடலாம், துருவே பிடிக்காது" என்றார். ஸ்க்ரூவுக்குப் பிடிக்காதுதான், ஆனால் கடலோர ஈரத்தில் அதே பேட்டரி வேலை நடந்து, அதைச் சுற்றியுள்ள பூச்சு அரிக்கும். ஷீட்டைப் போலவே துத்தநாகப் பூச்சு உள்ள ஸ்க்ரூ, அடியில் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் வாஷர் என்று நின்றுவிட்டேன். துளை போட்ட இரும்புத் தூளையும் அன்றே பெருக்கச் சொன்னேன்.

இப்படி இரண்டு உலோகங்களுக்கு நடுவில் வைக்கும் தடுப்புக்கும் ஆயுள் உண்டு. அமெரிக்காவின் சுதந்திர தேவி சிலையில் செம்புத் தோலுக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவே அரக்கில் நனைத்த கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) வைத்திருந்தார்கள். அது நைந்துபோய் இரும்பு அரித்தது. 1986க்குள் பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ் கம்பிகளாக மாற்றி, இடையில் டெஃப்லான் கொடுத்தார்கள். என் வாஷர்களிலும் தெற்கு ஓரத்தில் சில இறுகி வெடித்திருக்கின்றன. ஐப்பசி மழைக்கு முன்னால் அவற்றை மாற்ற ஆள் சொல்லியிருக்கிறேன்.