அக்யூஸா, பிளேமா?

அக்யூஸ் (accuse), பிளேம் (blame) என்ற ஆங்கிலச் சொற்கள் இரண்டையும் தமிழில் ‘குற்றம் சாட்டு’ என்றே சொல்லிவிடுவதால்தான் குழப்பம். இன்னார் இந்தத் தப்பைச் செய்தார் என்று சொல்வது அக்யூஸ். அப்படி ஒரு தப்பே நடக்காமலும் இருக்கலாம். பிளேம் வேறு: கெட்டது ஏதோ நடந்துவிட்டது, அது யாரால், எதனால் என்பதே பேச்சு. ஆகவே பயிர் அழுகியதற்கு மழையை பிளேம் பண்ணலாம், அக்யூஸ் பண்ண முடியாது.

சறுக்குவது அடுத்து வரும் சின்னச் சொல்லில். அக்யூஸுக்கு ‘ஆஃப்’ (of) மட்டுமே: ‘ஷி அக்யூஸ்ட் ஹிம் ஆஃப் லையிங்’. பலர் பிளேம் பழக்கத்தில் இங்கே ‘ஃபார்’ போட்டுவிடுகிறார்கள். பிளேமில் ஆள் முந்தினால் ‘ஃபார்’ (‘பிளேம்ட் ஹிம் ஃபார் த டிலே’), தவறு முந்தினால் ‘ஆன்’ (‘பிளேம்ட் த டிலே ஆன் ஹிம்’). அலுவலக மின்னஞ்சலில் இரண்டுமே காரம்தான். ‘த டிலே வாஸ் டியூ டு’ என்று தொடங்கிக் காரணத்தை மட்டும் எழுதிவிடுங்கள்.