மாடி ஹாலைத் தடுக்க எது சரி: நாலரை இஞ்ச் சுவரா, பிளைவுட்டா, ஜிப்சமா, சிமென்ட் போர்டா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாங்கள் போட்டது ஜி.ஐ. பிரேமில் (துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டம்) சிமென்ட் போர்டு. மற்றதெல்லாம் மோசம் என்று சொல்ல வரவில்லை, ஆனால் எங்கள் வீட்டுக்கு இது ஒன்றுதான் பொருந்தியது. காரணம் தண்ணீர்.

வீடு சத்துவாச்சாரியில். மாடி ஹாலை இரண்டு அறையாக்கி, சி.எம்.சி. மருத்துவமனைக்கு வைத்தியத்துக்கு வருகிற குடும்பங்களுக்கு விடுகிறோம். வேலூரில் இந்த வாடகை எப்படி என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். கொல்கத்தாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வருவார்கள், பத்து நாள் இருப்பார்கள், சிலர் இரண்டு மாதம்கூட இருப்பார்கள், அறையிலேயே சமைப்பார்கள். ஒரு குடும்பம் காலி செய்ததும் அடுத்தவர் வருவதற்குள் தரையை மாப் போட்டுத் துடைத்தால் போதாது, பினாயில் ஊற்றி பக்கெட் பக்கெட்டாகக் கழுவித் தள்ள வேண்டும். நோயாளி தங்கிய அறை என்பதால் அதில் சமரசம் கிடையாது. ஆகவே தடுப்பு எதுவாக இருந்தாலும் அதன் கீழ் அரை அடி அடிக்கடி நனையும். அதைத் தாங்குமா என்பதுதான் நான் எல்லாரிடமும் கேட்ட கேள்வி.

செங்கல் சுவர் தாங்கும், அதில் சந்தேகமே இல்லை. சத்தம் தடுக்கும், எங்கு வேண்டுமானாலும் ஆணி அடிக்கலாம். தரைத்தளமாக இருந்தால் நான் இவ்வளவு யோசித்திருக்கவே மாட்டேன். மாடியில் சிக்கல் எடைதான். பத்தடிக்குப் பத்தடி நாலரை இஞ்ச் சுவர், இரண்டு பக்கப் பூச்சோடு சேர்த்தால் இரண்டு டன்னுக்கு மேல் வரும். அதே அளவு போர்டுத் தடுப்பு இருநூறு, இருநூற்றைம்பது கிலோவில் முடிந்துவிடும். எங்கள் ஹாலின் நடுவில் கீழே பீம் இல்லை, வெறும் தளம். கொத்தனார் “ஒண்ணும் ஆகாது சார், எவ்வளவோ கட்டியிருக்கோம்” என்றார். அவர் சொன்னது நடக்கலாம், ஆனால் தளத்தில் எத்தனை கம்பி ஓடுகிறது என்று அவருக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. நேர் கீழே பீம் இருந்தால், அல்லது இன்ஜினியர் பார்த்துச் சரி என்றால், தாராளமாகச் செங்கல்லே வையுங்கள்.

பிளைவுட்டில் கடைக்காரர் 710 கிரேடு (தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவுட்) என்பார், தண்ணீருக்கு அசையாது என்பார். பலகையைப் பொறுத்தவரை உண்மைதான், சாதாரண 303 கிரேடை விட அது மேல். ஆனால் தடுப்பு என்பது பலகை மட்டுமில்லையே. உள்ளே நிற்கிற ரீப்பர் கட்டை என்ன மரம், மருந்து அடித்ததா என்று யாரும் கேட்பதில்லை. கரையான் அங்கேதான் ஏறும், மைக்கா ஒட்டிய வெளிப்பக்கம் பளபளவென்று இருக்க உள்ளே மண் கோடு போட்டுக்கொண்டு போகும், தட்டிப் பார்த்தால்தான் தெரியும். இரண்டு பக்கமும் மைக்கா ஒட்டினால் செலவும் எல்லாவற்றையும் விட அதிகம். ஹாலுக்கும் டைனிங்குக்கும் நடுவே அழகுக்கு வைக்கிற மர ஜாலி வேறு கதை, அதில் பிளைவுட்டை அடிக்க ஆளில்லை.

அலுமினியம் செக்‌ஷனில் பிரீலாம் பலகை (மேலே டிசைன் தாள் ஒட்டியே வருவது) சொருகிய தடுப்பைக் கிளினிக்குகளிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் பார்த்திருப்பீர்கள். வாடகைக் கடைக்கு அதைவிட நல்லது கிடையாது. சீக்கிரம் முடியும், காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாம், பழசாகப் போட்டால்கூட அலுமினியத்துக்கு விலை உண்டு. ஆனால் உள்ளே இருப்பது மரத்தூள் பலகை. ஓரம் வழியாகத் தண்ணீர் இறங்கினால் உப்பிவிடும், உப்பியது திரும்பாது. திரை, மடிப்புக் கதவு எல்லாம் ஒரே குடும்பம் இருக்கிற வீட்டுக்குச் சரி.

ஜிப்சம்தான் கடைசி வரை போட்டியில் இருந்தது. பூச்சு வேலை முடிந்து பெயின்ட் அடித்தால் அசல் சுவர் மாதிரியே இருக்கும், சிமென்ட் போர்டில் அந்த வழுவழுப்பு வராது. விலையும் கொஞ்சம் குறைவு. தீக்கும் நல்லது. ஜிப்சத்தின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதனுள் கட்டுண்ட நீர், சூடேறும்போது அது ஆவியாக வெளியேறுவதால் நெருப்பு மறுபக்கம் போகத் தாமதமாகும். ஆனால் போர்டின் இரண்டு முகமும் காகிதம். கீழே தண்ணீர் நின்றால் காகிதம் உறிஞ்சும், உள்ளிருக்கும் ஜிப்சம் மாவாகும், கரையானுக்கும் காகிதம் பிடிக்கும். பச்சை நிற போர்டு ஈரம் தாங்கும் என்கிறார்கள். தாங்குவது காற்றில் இருக்கிற ஈரத்தையும் எப்போதாவது படுகிற தெறிப்பையும்தான், தேங்கி நிற்கும் தண்ணீரை அல்ல. ஆபீஸ், படிக்கும் அறை, துடைப்பதோடு நிற்கிற வீடு என்றால் ஜிப்சமே போதும், நானும் அதையே சொல்வேன்.

சிமென்ட் போர்டு என்பது சிமென்ட்டும் நாரும் சேர்த்து அழுத்தியது. எவரெஸ்ட், விசாகா போன்ற கம்பெனிகள் செய்கிறார்கள். எட்டுக்கு நாலு ஷீட்டு, நாங்கள் எடுத்தது 8 எம்.எம். கனம். நனைந்தாலும் உப்பாது, காய்ந்தால் பழையபடி ஆகிவிடும், கரையானுக்கு அதில் தின்ன ஒன்றுமில்லை. 2021 நவம்பரில் பாலாறு பெருகியபோது தாழ்வான பகுதிகளில் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததே, அந்த மாதிரி இடத்தில் தரைத்தளத்தில் தடுப்பு போடுபவர்கள் இந்த ஒரு குணத்தையாவது யோசிக்கலாம்.

போர்டு தாங்கினாலும் அதைப் பிடித்திருக்கிற ஜி.ஐ. சானல் துருப்பிடிக்கும், அதனால் சானலை நேராகத் தரையில் உட்கார வைக்கவில்லை. முதலில் நாலு இஞ்ச் உயரத்துக்கு கான்கிரீட் கட்டை போட்டு, அதன் மேல் சானலை முடுக்கி, கட்டைக்கு இரண்டு பக்கமும் ஸ்கர்ட்டிங் டைல்ஸ் ஒட்டினோம். கழுவுகிற தண்ணீர் டைல்ஸோடு நின்றுவிடுகிறது. நாலு இஞ்ச் கட்டைக்கு எடை ஒன்றும் பெரிதில்லை. இந்தக் கட்டையைப் போட்டால் ஜிப்சமே தாங்காதா என்று என் தம்பி கேட்டான், நியாயமான கேள்விதான். தாங்கலாம். ஆனால் கழுவுகிறவர் பக்கெட்டைச் சுவர் மேல் வீசி ஊற்றுகிற ஆள் என்றால்?

குறையும் இருக்கிறது. ஷீட்டும் ஷீட்டும் சேருகிற இடத்தில் முடி போல விரிசல் வரும். உப்பாவிட்டாலும் ஈரத்துக்கு இம்மியளவு விரிந்து வெயிலுக்குச் சுருங்குகிற பொருள், வேலூர் கோடைக்குச் சொல்லவே வேண்டாம். பட்டி வைத்து மறைக்கப் பார்க்காமல், இடைவெளியை நேர்கோடாக விட்டு மேலே பீடிங் (மெல்லிய சட்டம்) அடித்துவிட்டோம். அழகாக இருக்கிறதா என்றால், சுமார். அறுக்கும்போது பறக்கிற தூசி நுரையீரலுக்குக் கெடுதல், அறுப்பதை மொட்டை மாடியில் வைத்துக்கொண்டு ஆட்களுக்கு மாஸ்க் கொடுங்கள். டி.வி., அலமாரி மாட்டுகிற இடத்தில் போர்டுக்குப் பின்னால் கூடுதல் சட்டம் கொடுக்கச் சொல்லுங்கள், வெறும் போர்டில் ஸ்குரூ நிற்காது.

சத்தம் தடுப்பதில் எங்கள் தடுப்பைச் செங்கல்லோடு ஒப்பிட மாட்டேன். நடுவே ராக்வுல் (பாறையை உருக்கிச் செய்யும் பஞ்சு) திணித்திருக்கிறோம், பேச்சு முணுமுணுப்பாகத்தான் கேட்கிறது, குழந்தை அழுதால் நன்றாகவே கேட்கிறது. ராக்வுல் இல்லாமல் எப்படி இருந்திருக்கும் என்று ஒப்பிட்டுச் சொல்ல எனக்கு வழியில்லை. பத்துப் பதினைந்து வருடம் கழித்து எப்படி நிற்கும் என்பதற்கும் என்னிடம் அனுபவம் கிடையாது.

தடுப்பதற்கு முன் ஜன்னலை எண்ணிக்கொள்ளுங்கள். இரண்டு அறைக்கும் தனித்தனி ஜன்னல் இல்லையென்றால் மே மாதம் யாரும் தங்க மாட்டார்கள். இரண்டு அறை வீட்டில் ஒன்று 9.5 சதுர மீட்டருக்கும் மற்றது 7.5 சதுர மீட்டருக்கும் குறையக்கூடாது என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்கிறது. அதற்கும் கீழே போனால் கட்டில் போட்ட பிறகு நடக்க இடமிருக்காது.

வேலைக்கு மர ஆசாரியை விட பால்ஸ் சீலிங் போடுகிற ஆட்களைப் பிடியுங்கள், சானல் வேலை அவர்களுக்குத்தான் கை பழகியிருக்கும். ஒரு பக்கம் போர்டு அடித்ததும் எலக்ட்ரீஷியன் வந்து பைப்பும் சுவிட்ச் பாக்ஸும் வைத்து முடிக்கும் வரை மறுபக்கத்தை மூடவிடாதீர்கள்.