பெயர் மோதினால் நிறுத்திவிடும் 'கான்ஃப்ளிக்டட்': ஆர் மொழித் தொகுப்பு ஒன்றின் மதிப்புரை

மாவட்டவாரியாகச் சராசரி கண்டு, அதை ஒவ்வொரு வரிசையின் பக்கத்திலும் எழுதுவதற்காக, புள்ளியியல் வேலைகளுக்கான நிரல்மொழியான ஆர் மொழியில் நான் வைத்திருந்த நிரல் ஒன்று, எந்தப் பிழைச்செய்தியும் காட்டாமல், எல்லா மாவட்டங்களுக்கும் ஒரே சராசரியைத் தந்தது. வரிசைகளின் எண்ணிக்கை சரியாக இருந்ததால் அட்டவணையைப் பார்த்தவுடன் ஐயம் எழவில்லை. ஆர் மொழியில் தொகுப்பு என்பது தேவைக்கேற்ப நிரலில் ஏற்றிக்கொள்ளும் ஆயத்தச் செயற்கூறுகளின் கூட்டம். அட்டவணைகளைக் கையாளும் டிப்ளையர் தொகுப்புக்குப் பின்னால், அதே வகைப் பழைய ப்ளையர் தொகுப்பையும் ஏற்றியிருந்தேன். இரண்டிலும் அட்டவணையில் புதிய நெடுவரிசை சேர்க்கும் 'மியூட்டேட்' என்ற செயற்கூறு உண்டு, ஆனால் ப்ளையரில் உள்ளது குழுப் பிரிப்பைப் பொருட்படுத்தாது. இந்த வரிசையில் ஏற்றினால் சிக்கல் வரும் என்று ப்ளையர் ஏற்றப்படும்போதே எச்சரிக்கிறது. திரை நிறையச் செய்திகள் வருகின்றன என்று தொடக்கச் செய்திகளை நானே அடக்கி வைத்திருந்தேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

தாத்தாவின் பெயரையே பேரனுக்கும் வைத்த வீட்டில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் இருவரில் எவரும் திரும்பிப் பார்க்கலாம். ஆர் மொழியிலோ கடைசியாக உள்ளே வந்தவரே எப்போதும் திரும்பிப் பார்ப்பார். டிப்ளையரின் 'ஃபில்டர்', 'லேக்' ஆகிய இரண்டும் ஆர் மொழியுடனேயே வரும் ஸ்டாட்ஸ் தொகுப்பின் செயற்கூறுகளை மறைப்பதும், புள்ளியியல் செயற்கூறுகள் கொண்ட மாஸ் தொகுப்பைப் பிறகு ஏற்றினால் அதன் 'செலக்ட்' டிப்ளையரின் 'செலக்ட்'டை மறைப்பதும் இந்த விதியின் விளைவுகளே. மாஸ் விஷயத்திலாவது பெரும்பாலும் பிழைச்செய்தி வந்து நம்மைக் காப்பாற்றிவிடுகிறது.

ஹாட்லி விக்கம் உருவாக்கிய கான்ஃப்ளிக்டட், இந்த விதியையே ஏற்க மறுக்கிறது. அதை ஏற்றிய பிறகு, இரண்டு தொகுப்புகளில் உள்ள ஒரு பெயரைத் தொகுப்பின் பெயர் சேர்க்காமல் அழைத்தால், நிரல் அந்த இடத்திலேயே நின்று, எந்தெந்தத் தொகுப்புகளில் அது உள்ளது என்பதையும், எந்த வரியை எழுதினால் தீரும் என்பதையும் சொல்லிவிடுகிறது. தொகுப்பின் பெயரையும் இரட்டை முக்காற்புள்ளியையும் முன்னால் இட்டு அழைக்கலாம், அல்லது 2023-இல் வந்த 1.2.0 பதிப்பு தரும் 'கான்ஃப்ளிக்ட்ஸ் ப்ரிஃபர்' மூலம் நம் விருப்பத்தை ஒருமுறை அறிவித்துவிடலாம். மோதல்கள் அனைத்தையும் முன்கூட்டியே பட்டியலிட்டுக் காட்டும் செயற்கூறும் உள்ளே இருக்கிறது. எல்லா மோதலுக்கும் கூச்சலிடாமல், ஆர் மொழியின் அடிப்படைச் செயற்கூறு ஒன்றை அதே பயன்பாட்டுடன் விரிவாக்கும் தொகுப்புகளை விட்டுவிடுவது எனக்குப் பிடித்த நுணுக்கம். இல்லாவிட்டால் கணங்களைச் சேர்க்கும் 'யூனியன்', கழிக்கும் 'செட்டிஃப்' போன்றவற்றுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்க நேரும்.

2019-இல் வந்த ஆர் 3.6.0 முதல், தொகுப்பை ஏற்றும்போதே சில பெயர்களை விலக்கவும், மோதல் இருந்தால் ஏற்றவே மறுக்குமாறு கண்டிப்பான கொள்கை வகுக்கவும் ஆர் மொழியிலேயே வசதி உண்டு. கூடுதலாக எதையும் நிறுவ விரும்பாதவர்களுக்கு அது போதும். ஆனால் அந்தக் கொள்கை நாம் ஒருபோதும் அழைக்கப்போகாத பெயர்களுக்கும் வாசலிலேயே வழிமறிக்கிறது. கான்ஃப்ளிக்டட் நாம் உண்மையில் அழைக்கும் பெயரை மட்டுமே கேள்வி கேட்பதால், தரவுப் பகுப்பாய்வுக்கு அதுவே ஏற்றது என்பது என் கருத்து.

குறைகளும் உண்டு. நேற்றுவரை ஓடிய நிரல் இன்று ஐந்து இடங்களில் நிற்கும்போது, புதிதாகக் கற்பவர் தொகுப்பையே பழிப்பார். அறிவித்த விருப்பம் அந்த அமர்வு முடியும்வரைதான் நிற்கும் என்பதால் ஒவ்வொரு நிரலிலும் மீண்டும் எழுத வேண்டும். ஒரு தொகுப்பின் பழைய பதிப்பு வேறொன்றுடன் ஒத்துப்போகாத சிக்கலுக்கு இதில் தீர்வு தேடுவது வீண். அது, ஒவ்வொரு திட்டத்துக்கும் தொகுப்புகளின் பதிப்புகளைக் குறித்துவைத்துக் காக்கும் ரென்வ் தொகுப்பின் வேலை.

கான்ஃப்ளிக்டட்டை ஏற்றும் வரியை, ஆர் தொடங்கும்போது தானாக ஓடும் அமைப்புக் கோப்பில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். நானும் சில வாரங்கள் அப்படி வைத்திருந்து பிறகு எடுத்துவிட்டேன். அங்கே வைத்தால் காவல் என் கணினிக்கு மட்டுமே. நிரலைப் பெற்று ஓட்டும் சக பணியாளரின் கணினியில் பழைய விதியே அமைதியாக நடந்துகொண்டிருக்கும். இப்போது என் ஒவ்வொரு நிரலிலும் முதல் வரி கான்ஃப்ளிக்டட்டை ஏற்றுகிறது, மற்ற தொகுப்புகள் ஏறியதும் விருப்ப அறிவிப்புகள் வருகின்றன. தொடக்கச் செய்திகளையும் நான் அடக்குவதில்லை.