வாடிக்கையாளரிடம் டிசைனுக்கு ஓகே வாங்க ஃபிக்மா

வெப்சைட் வேலையில் டிசைன் போடுவதைவிட வாடிக்கையாளரிடம் ஒரு முடிவு வாங்குவதுதான் பெரும்பாடு, அதற்கு நான் பயன்படுத்தியதில் ஃபிக்மா என்ற டிசைன் மென்பொருளுக்கு ஈடு இல்லை. பிரவுசரிலேயே ஓடுவதால் லிங்க்கை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும், நகைக்கடைக்காரரோ பள்ளித் தாளாளரோ எதையும் இன்ஸ்டால் செய்யாமல் பார்த்துவிடலாம். "மேலே இருக்கிற படம் ஒரு மாதிரி இருக்கு" என்று போனில் இழுப்பவர்கூட, கமெண்ட் வசதியில் அந்தப் படத்தின் மேலேயே கிளிக் செய்து "இங்கே கடை முகப்பு வரட்டும்" என்று எழுதிவிடுகிறார், பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். கமெண்ட் போட மட்டும் லாகின் கேட்கும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது எழுத்துரு விஷயம். கூகுளின் இலவச எழுத்துருத் தொகுப்பான கூகுள் ஃபான்ட்ஸ் உள்ளேயே வருவதால் ஹிந்த் மதுரை, மீரா இனிமை என்ற தமிழ் எழுத்துருக்கள் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டலாம். அப்புறம், பட்டனில் ஆங்கிலத்தில் அடக்கமாக உட்கார்ந்த சொல், தமிழில் "தொடர்புகொள்ள" என்று வந்ததும் மொபைல் திரையில் இரண்டு வரியாக மடங்குவதை வாடிக்கையாளரே நேரில் பார்க்கிறார். அதனால் டம்மி வரிகளைத் தயவுசெய்து போடாதீர்கள், அவர்களுடைய உண்மையான வாசகங்களையே போட்டுக் காட்டுங்கள். இலவசத் திட்டமும் உண்டு, சின்ன வேலைகளுக்கு அதுவே தாராளம்.