ரிச்சி தெருவில் பழைய 3090 கிராஃபிக்ஸ் கார்டு: வாங்கலாமா?

ஈவிஜிஏ நிறுவனத்தின் எஃப்டிடபிள்யூ3 3090 மாடல் என்றாலே, '2021ல அமேசானோட நியூ வேர்ல்டு கேம் ஆடி போன கார்டுதானே?' என்று விலையைக் குறைத்துப் பேசுவார்கள். பழியைக் கேம் மேல் மட்டும் போடுவது சரியில்லை. மெனு திரையில், நொடிக்கு இத்தனை என்று கார்டு வரையும் ஃப்ரேம் எண்ணிக்கை வரம்பில்லாமல் எகிறியது உண்மை. ஆனால் ஒழுங்கான கார்டு அந்தச் சுமையைத் தாங்கும். செத்த கார்டுகளை எக்ஸ்ரே எடுத்த ஈவிஜிஏவே, மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் மாஸ்ஃபெட் பகுதியில் சால்டரிங் மோசம் என்று ஒப்புக்கொண்டு மாற்றிக் கொடுத்தது. 2022இல் அந்த நிறுவனம் கிராஃபிக்ஸ் கார்டு தொழிலையே விட்டுவிட்டது. அதனால் இப்போது சோதனை நம் பொறுப்பு.

கடையிலேயே அரை மணி நேரம் லோடு கொடுத்து, ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளில் மெமரி ஜங்ஷன் சூட்டை, அதாவது மெமரி சிப்பின் உள்சூட்டைப் பாருங்கள். 110 டிகிரியைத் தொட்டால் பெரும்பாலும் சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேட் காலி. 24 மெமரி சிப்பில் 12 பின்பக்கம் இருக்கின்றன. ஃபேன் காற்று அங்கே நேரடியாகப் படாது, சென்னை மே மாதத்தில் கேட்கவே வேண்டாம். கார்டின் பின்பக்கத் தகடான பேக்பிளேட்டைக் கழற்றச் சொல்லுங்கள். சிப் ஓரத்தில் சால்டரிங்குக்குப் பூசும் ஃப்ளக்ஸின் பிசுக்கு தெரிந்தால் யாரோ கை வைத்த கார்டு, நகர்ந்துவிடுங்கள். கார்டுக்கு மின்சாரம் தரும் மூன்று 8 பின் இணைப்புகளுக்கும் தனித்தனி கேபிள் போடுங்கள்.

பிளெண்டர் என்ற 3டி மென்பொருள் வேலைக்கு 24 ஜிபி மெமரி வேண்டும் என்றால் வாங்கலாம். வெறும் கேமுக்கு என்றால், வாரண்டியோடு புதுக் கார்டே மேல்.