யூஎஃப்சியா, ஒன் சாம்பியன்ஷிப்பா? மதிப்பெண் அட்டை சொன்ன பதில்

குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த எம்எம்ஏ சண்டையை வாரத்தில் ஒருமுறைதான் பார்க்க எனக்கு நேரம் கிடைக்கிறது. அதை நடத்தும் யூஎஃப்சி, ஒன் சாம்பியன்ஷிப் என்ற இரு நிறுவனங்களின் போட்டிகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, யூஎஃப்சியையே தொடர்வது என்று முடிவெடுத்தேன். எனவே இந்த அலசல் அதன் பக்கம் சாய்ந்தே இருக்கும். அரங்கில் உட்கார்ந்து பார்த்த அனுபவம் எனக்கில்லை. திரையில் கண்டதை வைத்தே பேசுகிறேன்.

தெரிந்த விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். யூஎஃப்சி 1993-இல் அமெரிக்காவின் டென்வரில் பிறந்தது. ஒன் 2011-இல் சிங்கப்பூரில். முன்னது ஆக்டகன் என்னும் எண்கோணக் கூண்டில் எம்எம்ஏ மட்டும் நடத்துகிறது. பின்னது எம்எம்ஏவோடு, தாய்லாந்தின் குத்துச்சண்டையான முவே தாய், கிக் பாக்ஸிங், எதிராளியைப் பிடியில் சிக்கவைத்துச் சரணடையச் செய்யும் சப்மிஷன் கிராப்ளிங் எல்லாவற்றையும் காட்டுகிறது. இந்திய முகங்கள் இரு பக்கமும் உண்டு. இந்திய வம்சாவளிக் கனடியர் அர்ஜன் புல்லர் 2021-இல் ஒன் நிறுவனத்தின் ஹெவிவெயிட் பட்டத்தை வென்றார். 2024-இல் பூஜா தோமர் யூஎஃப்சியில் வெற்றி பெற்ற முதல் இந்தியப் பெண்ணானார்.

நேர வசதியில் ஒன் தெளிவாக முந்துகிறது. பாங்காக்கின் லும்பினி அரங்கில் 2023 ஜனவரியில் தொடங்கிய வெள்ளிக்கிழமைப் போட்டிகள் மாலையில் பார்க்க ஏற்றவை. முழுச் சண்டைகள் பலவும் யூடியூபில் கிடைக்கின்றன. லாஸ் வேகஸில் சனி இரவு நடப்பது நமக்கு ஞாயிறு காலை. அமெரிக்காவில் யூஎஃப்சியின் பெரிய நிகழ்ச்சி ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. ஊடக நிறுவனமான பாரமவுண்டுடன் ஏழு ஆண்டுகளுக்கு 770 கோடி டாலருக்குச் செய்த ஒப்பந்தம் 2026-இல் அந்த முறைக்கு முடிவு கட்டியது. இதில் எதுவும் என் முடிவைத் தீர்மானிக்கவில்லை.

வென்றவர் யார் என்று சொல்கிற நடுவரை யார் நியமிக்கிறார்கள்? என் முடிவு இந்தக் கேள்வியில்தான் நின்றது.

நெவாடா போன்ற அமெரிக்க மாநிலங்களில் இதற்கென்றே அரசின் விளையாட்டு ஆணையம் இருக்கிறது. போட்டிக்கு உரிமம் தருவதும், ரெஃப்ரியையும் மதிப்பெண் போடும் மூன்று நடுவர்களையும் நியமிப்பதும், எடை பார்ப்பதும் அதன் பொறுப்பு. வீரர்களை ஒப்பந்தம் செய்வது, ஜோடி சேர்ப்பது, மேடை, கேமரா, விற்பனை ஆகியவை யூஎஃப்சியின் வேலை. தீர்ப்பு அதன் கையில் இல்லை. கூண்டைச் சுற்றி வெவ்வேறு பக்கங்களில் அமரும் மூவரும், ஐந்து நிமிட ரவுண்டு முடிந்ததும் வென்றவருக்கு 10, மற்றவருக்குப் பெரும்பாலும் 9 என்று எழுதி ஒப்படைத்துவிடுகிறார்கள். கடைசி ரவுண்டின் பரபரப்பைப் பார்த்துவிட்டு முதல் ரவுண்டின் கணக்கைத் திருத்த இடமில்லை.

இதனால் தவறான தீர்ப்பே வராது என்று நான் சொல்லவில்லை. 2020 பிப்ரவரியில் ஹூஸ்டனில் ஜோன் ஜோன்ஸ், டொமினிக் ரேயஸை வென்றதாக மூவரும் தீர்ப்பளித்தார்கள். அதில் ஒருவரின் கணக்கு 49-46. ஐந்து ரவுண்டுகளில் ரேயஸ் ஒரே ஒரு ரவுண்டைத்தான் வென்றார் என்பது அதன் பொருள், அதை ஏற்காத ரசிகர்கள் ஏராளம். ஆனால் எந்த நடுவர் எந்த ரவுண்டை யாருக்குக் கொடுத்தார் என்பது பொதுவில் இருந்தது. சண்டையை மறுபடி ஓட்டி, அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தவறு எங்கே என்று விரல்வைத்துக் காட்ட முடிந்தது. ரசிகனுக்கு இது பெரிய உரிமை.

ஒன் நிறுவனத்தின் எம்எம்ஏ போட்டிகளில் நடுவர்கள் ரவுண்டு வாரியாகப் பிரிக்காமல் முழுச் சண்டையையும் சேர்த்து எடைபோடுகிறார்கள். எதிராளியை நாக் அவுட்டுக்கோ சப்மிஷனுக்கோ மிக அருகில் கொண்டுபோனவருக்கு முன்னுரிமை. இதிலும் நியாயம் இருக்கிறது. யூஎஃப்சியின் மூன்று ரவுண்டு சண்டையில் முதல் இரண்டு ரவுண்டுகளைப் பிடித்தவர் மூன்றாவதில் விலகி விலகி ஓடித் தப்பிக்கலாம்; இங்கே அந்தத் தந்திரம் எளிதில் பலிக்காது. ஆனால் தீர்ப்பு பிடிக்காதபோது பிரித்துப் பார்க்க ரவுண்டுக் கணக்கு எதுவும் கையில் இல்லை. ஆசியாவின் பல நகரங்களில் இப்படிப்பட்ட ஆணையங்களும் இல்லை. போட்டியை நடத்தும் நிறுவனமே நடுவர்களையும் ஏற்பாடு செய்கிறது. யூஎஃப்சியும் ஆணையம் இல்லாத நாட்டுக்குப் போனால் அப்படித்தான் செய்கிறது. எனவே என் வாதம் அதன் அமெரிக்கப் போட்டிகளுக்கே முழுமையாகப் பொருந்தும்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஒன் நிறுவனத்தின் பக்கம் நிற்பேன். 2015 டிசம்பரில் ஒன் போட்டிக்குத் தயாரான சீன வீரர் யாங் ஜியான் பிங், எடை குறைக்க உடலின் நீரை வற்றவைத்ததில் இறந்தார். அதன் பிறகு அந்த நிறுவனம் எடையோடு நீர்ச்சத்தையும் சிறுநீர்ப் பரிசோதனையில் பார்க்கத் தொடங்கியது. யூஎஃப்சி வீரர்கள் இன்னும் முந்தைய நாள் காலை எடை பார்க்கும்வரை உடலை வாட்டுகிறார்கள். ஊதியத்திலும் யூஎஃப்சியைப் பாராட்ட மாட்டேன். முன்னாள் வீரர்கள் தொடுத்த வழக்கை முடிக்க அது 37.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது.

முவே தாய்தான் உங்களை இந்தப் பக்கம் இழுத்தது என்றால் என் காரணம் உங்களுக்குப் பொருந்தாது. வெள்ளி மாலை லும்பினியைப் பாருங்கள். தீர்ப்போடு வாதாடிப் பார்க்கிற குணம் உள்ளவர்கள் யூஎஃப்சியைத் தேர்ந்தெடுக்கலாம். ரவுண்டுக்கு ரவுண்டு நீங்களும் ஒரு தாளில் மதிப்பெண் போட்டு வாருங்கள்; நடுவர்களின் அட்டை வெளியானதும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.